பின் இருக்கை

குலுக்கலில் எனக்கு விழுந்தது
டுவைட் கெஸ்லரின் படகு.
அறுவடை எந்திரம் விற்பவர், மூன்று மாவட்டத்துக்கும் அவர்தான்.
முன்னால் அவர், பின்னால் நான்.
படகு யாருடையதோ
தண்ணீரும் முதலில் அவருடையது.
நான் எறிவதெல்லாம்
அவர் ஏற்கெனவே எறிந்து முடித்த ஏரி.

பழக்கம்தான்.
பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
பின் இருக்கைகளில் என்ன நடக்கும் என்று
கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே படித்தவள்.

மின்னசோட்டாவில் ஜூன் முதல் வாரம்.
விரல்கள் மட்டும் இன்னும் மார்ச்சில் இருந்தன.
பையைப் பிரித்தேன்.
பூசணிப் பச்சை, மேலே மிளகுப் பொடி தூவியதுபோல் புள்ளிகள்.
கண் இல்லை, கால் இல்லை, ஆட்ட ஒரு வால்கூட இல்லை.
அச்சில் வார்த்தவன் பாதியில் எழுந்து
சாப்பிடப் போய்விட்ட மாதிரி ஒரு புழு.
உள்ளே உப்பு. மேலே சோம்பு.
சோம்பு மணக்கும், சோம்பிக் கிடக்கும்,
வேறு வேலை தெரியாது அதற்கு.

நடுவயிற்றில் ரப்பர் வளையம்,
வளையத்துக்கு அடியில் முள்.
குண்டு கட்டவில்லை. உப்பின் கனமே போதும்.
அல்லி இலையோரம் விட்டால்
படுத்த வாக்கில் இறங்கும்,
இரண்டு முனையும் மெல்ல உதற,
கனவில் ஓடும் நாயின் கால்களைப்போல.

நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைச் செய்வதுதான் பாடு.
கை சும்மா இருக்காது. இழு என்னும், ஆட்டு என்னும்.
நூலைத் தளரவிட்டு நிறுத்தங்களை எண்ணுவேன்:
ஹல்வர்சன் பண்ணை,
தானியக் கிடங்கு,
இரட்டையர் வீடு,
லூத்தரன் தேவாலயம்.
தேவாலயம் வருவதற்குள்
நூல் யாரிடமும் சொல்லாமல் ஓரமாக நகரும்.

பத்து மணிக்குள் மூன்று மீன்.
டுவைட் பேச்சை நிறுத்தியிருந்தார்.
அவருடைய சுழல்தகடு
பாசியை வாரி வாரிப் படகை நிறைத்துக்கொண்டிருந்தது.

இந்தப் புழுவுக்கு ஆயுசு கம்மி.
ஒரு மீன், மிஞ்சினால் இரண்டு. வளையத்தடியில் கிழிந்துவிடும்.
மதியம் இரண்டு மணிக்கு மிச்சம் ஒன்று,
அதிலும் ஒரு முனை சப்பியது.
அப்போதுதான் திரும்பினார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.
"மார்லிஸ், அதில் ஒன்று இருக்குமா?"

இல்லை என்றிருக்கலாம்.
நூல் வெட்டியால் நடுவில் வெட்டினேன்.
நல்ல பாதியை நான் வைத்துக்கொண்டேன்.
ஆமாம், நல்ல பாதியைத்தான்.

சப்பிய பாதியை வாங்கி
நுனியில் முள்ளைக் குத்தி, பக்கவாட்டில் எடுத்து,
திருப்பி, கூர்மையை உடம்புக்குள்ளேயே புதைத்தார்.
இனி எந்தப் பாசியிலும் மாட்டாது.
நாணலுக்கு நடுவே தட்டளவு ஒரு துவாரம்.
அதில் போட்டார்.
பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக,
டுவைட் கெஸ்லர் ஒன்றும் செய்யவில்லை.

ஐந்தரை பவுண்டு.
வலை பிடித்தது நான்.
தாடைக்குள் பெருவிரல் விட்டுத் தூக்கியபோது
அவர் முகம்
நிறுத்தத்திலேயே பையை விட்டுவிட்டு
வண்டியில் ஏறிவிட்ட பையனின் முகம்.

என் பாதிக்கு ஒன்றும் கடிக்கவில்லை.
நான் ஒன்பதாவது.
பெரிய மீனுக்கான நானூறு டாலர் அவருக்கு.
காப்பி வாங்கித் தருவதாகச் சொன்னார்.
வாங்கித் தரவில்லை.

எடை போட்ட மீன்கள் ஏரிக்கே திரும்பின.
புழுக்கள் திரும்பக் கூடாது, கரையாத ஜாதி.
கிழிந்ததையெல்லாம் பொறுக்கிக்
கோட்டுப் பையில் திணித்தேன்.
அவரிடம் கொடுத்ததை நல்ல மனசு என்று
என் தங்கை லவோனிடம் சொன்னேன்.
வெட்டிய விதத்தைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, தானியக் கிடங்கு நிறுத்தம்.
ஒன்றாம் வகுப்பு சோல்வெய்க் படியேறி
மூக்கை உறிஞ்சினாள்.
"மிட்டாய் வைத்திருக்கிறீர்கள்."
பைக்குள் விரல் போனது.
வளையம் கழறாமல், என் நல்ல பாதி.
மிட்டாய் இல்லை என்றேன்.

நம்பவில்லை.
கடைசி இருக்கைவரை போய் உட்கார்ந்து
கண்ணாடிக்குள்
என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்
தேவாலயம் தாண்டும்வரை.