ஒன்பது முறை புதைத்த நாய்

சாரெமா தீவுக்கு வியாழன்தோறும்
முதல் படகில் வந்துவிடுவாள் மெரிக்கே.
பையில் ஒரு கண்ணாடி, சீவிய பென்சில்,
நட்சத்திரம் அச்சிட்ட தாள்கள்.
"உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று
நாற்பத்தோராவது முறையாகக் கைகுலுக்குகிறான்
என் கணவன் வம்போலா.

தாளைப் பார்க்கக் கூடாது.
கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து
விளிம்போடு கோடிழுக்க வேண்டும்.
நானும் ஒருநாள் முயன்றேன்:
கோழி கிளறிய மண்.
அவனுக்கும் முதல் வாரம் அப்படித்தான்.
இப்போது ஒரே இழுப்பு, ஐந்து முனை.
முடித்துவிட்டு நிமிர்கிறான்.
"இதெல்லாம் நான் செய்ததே இல்லை.
ஆனால் சுலபமாகத்தான் இருக்கிறது."

ஜூனிப்பர் கட்டையை முகர்ந்தால் பெயர் சொல்வான்.
துறையில் முப்பது வருடம் கட்டிய முடிச்சுகள் அத்தனையும் தெரியும்.
இன்று காலை சாப்பிட்டானா, தெரியாது.

"ஒரே கிடங்கு இல்லை, ஹெல்யோ" என்றாள் மெரிக்கே,
"தெரு நிறையக் கடைகள்.
மூளைக்காய்ச்சல் ஒரு கடையைத்தான் எரித்தது,
அன்றன்றைய கணக்கை எழுதும் கடையை."
நல்ல பெண். நன்றாகப் படித்தவள்.
அந்தக் கடையில்தான்
என் பாக்கி எல்லாம் இருந்தது என்று
அவளிடம் எப்படிச் சொல்வது?

காய்ச்சலுக்குப் பிறகுதான் இந்த மாடி வீட்டுக்கு வந்தோம்.
வரைபடம் போடச் சொன்னால்
விற்றுப்போன வீட்டைப் போடுவான், கிணற்றோடு.
பகலில் குளியலறை எங்கே என்று கேட்பான்.
இரவு இரண்டு மணிக்கு, விளக்கில்லாமல்,
இடப்பக்கம் நான்கு எட்டு,
முக்காலியின் முனையை ஒதுங்கி,
தாழ்ப்பாளை நேரே தொடுவான்.
நான்தான் இடித்துக்கொள்கிறேன்.

துயிஸ்க் நவம்பரில் செத்தது.
துயிஸ்க் என்றால் பனிப்புயல். வெள்ளை நாய்,
ஒரு காது மட்டும் சாம்பல்.
சொன்னேன். அழுதான்.
தேநீர் ஆறுவதற்குள் கேட்டான், "துயிஸ்க் எங்கே?"
மறுபடி சொன்னேன்.
மறுபடி அதே முதல் அழுகை, குறையாமல்.
ஒரே நாயை ஒன்பது முறை புதைத்தேன்.

செய்தி போய்விடும். துக்கம் போகாது.
சொன்ன நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து,
"எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?
யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்பான்.
கடிதம் எரிந்தபின்
உறை மட்டும் கையில் இருப்பதுபோல.
பத்தாம் முறை பொய் சொன்னேன்:
"ராய்வோ கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறான்."
"சரி, குளிருக்கு முன் வந்துவிடட்டும்."

அவன் நாற்காலியின் வலப்பக்கம்
நாயின் இடம்.
அவன் கை அங்கே தொங்கும்,
விரல்கள் காற்றில் ஒரு காதைத் தேடும்.
டிசம்பர் முழுக்கத் தேடின.
ஜனவரியில் எப்போதாவது.

மார்ச்சில் ஒரு மாலை,
கடலில் பனிப்பாளம் உடைகிற சத்தம்.
"துயிஸ்க் எங்கே?" என்றான்.
கை முழங்காலில் இருந்தது.
இறங்கவே இல்லை.
மறுநாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும்.
வாய் கேட்கிறது.
கைக்குத் தெரிந்துவிட்டது.

மெரிக்கேயிடம் சொல்லவில்லை.
அவள் நோட்டில் இதற்கும் ஒரு பெயர் இருக்கும்.
யாரும் சொல்லித்தராமல்,
வெறும் காற்றைத் தொட்டுத் தொட்டு
ஒரு கை தானே கற்ற சாவை
எந்தக் கட்டத்தில் எழுதுவாள்?

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.
தேதி, மணி, மருத்துவரின் சேறு படிந்த பூட்ஸ்,
ரசீதில் இருந்த தொகை, கடைசியாக அது பெருமூச்சு விட்ட விதம்.
என் நினைவில் பழுதில்லை என்று
யாரும் சான்றிதழ் தரலாம்.

இன்று காலை மீன் பொரித்தேன்.
சாப்பிட்டு முடிக்கும்போதுதான் கவனித்தேன்,
என் தட்டின் ஓரத்தில்
தோலும் தலையும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்,
முள் நீக்கி.

வம்போலா எழுந்தான்.
என் தட்டை எடுத்தான்.
கத்தியால் ஒரே இழுப்பில்
எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் வழித்துப் போட்டபடி
கேட்டான்,
"துயிஸ்க் எங்கே, காலையிலிருந்து காணோமே?"