ஏழாவது கட்டை

பெரியகல்லாற்றிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தான் ஜெயபவான்.
பதினாறு ரப்பர் கட்டை, பீடிப்புகை நிறத்தில்.
"அடிச்சாப் பேசுது, ஒண்டையும் ஞாபகம் வைக்குதில்ல."

கழற்றினேன்.
பற்றரி கசிந்து போர்டெல்லாம் பச்சை.
பிளாப்பி வாய்க்குள் ஒரு பல்லிமுட்டைக் கோது.
மற்றதெல்லாம் உப்பு.
கல்முனையில் எதைத் திறந்தாலும்
கடல் முந்திக்கொண்டு உள்ளே இருக்கும்.

வினாகிரி, பல் பிரஷ், ஈயம்.
நடுவில் கரண்ட் போக
ஆறிய கம்பியைப் பிடித்தபடி ஒருமணி நேரம்.
பிளாப்பியைப் பிடுங்கி பென்டிரைவுக்கு வழி,
திரைக்கு நீல வெளிச்சம்,
இரு கன்னத்துக்கும்
உடைந்த கட்டிலில் அறுத்த முதிரைச் சட்டம்.

பழைய டிஸ்கில் எட்டுச் செக்கன் மிச்சம்:
யாரோ இருமுகிறான்,
மறுகா "ரெண்டு, மூணு."
ஒன்றைக் காணோம்.
நான் அழிக்கவில்லை.

ஞாயிறு கலியாணவீடு. திங்கள் திரும்பி வந்தான்.
"எல்லாம் சரியா அடிக்குது. அதுதான் பிழை."

ஏழாவது கட்டை முந்தி ஒரு மயிரிழை பிந்துமாம்.
பன்னிரண்டு வருசமாய் பேஸ் கிற்றார்காரன்
அந்தப் பிந்தலில்தான் கால் வைத்து நின்றானாம்.
நேற்று மேடையில்
இல்லாத படியில் இறங்கியவன்போல் தடுமாறினானாம்.

திரும்பவும் கழற்றினேன்.
சைக்கிள் டியூபில் நகமளவு வெட்டி
ஏழுக்குக் கீழே ஒட்டினேன்.
தட்டினான். "இன்னும் கொஞ்சம்."
இன்னொரு துண்டு.
தட்டினான்,
கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தான்.
வாசலில் போன் திருத்த வந்த பிள்ளையின் செருப்பு
தன்பாட்டில் ஆடியது.

பில் எழுதினேன்.
பழுது பார்த்தது: பதினாலாயிரம்.
பழுது வைத்தது:
ஒரு பிளேன்ரீ.