செக்கிங்

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரி. டோக்கன் பதினேழு.
பெற்றோர் நிரப்ப ஒரு தாள்.
குழந்தையை எத்தனை நாளாகத் தெரியும்?
ஒன்பது வருசம் என்று எழுதிவிட்டு
'தெரியும்' என்ற சொல்லையே
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்விக்கு நாலு கட்டம்:
இல்லவே இல்லை, கொஞ்சம், பெரும்பாலும், அப்படியேதான்.
ரொம்ப யோசிக்காமப் போடுங்க, என்கிறார் மேடம்.

யோசிக்காமல் போடத் தெரியும் எனக்கு.
பனியன் கம்பெனியில் பதினோரு வருசம் செக்கிங்.
எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு, பொத்தல்,
கண்ணில் பட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
மணிக்கு நூற்றைம்பது பீஸ்.

தப்புச் செய்தால் வருந்துவானா?
வெசனப்படுவானா என்று கேட்டிருந்தால்
சட்டெனப் பிடிபட்டிருக்கும்.
போன ஆனியில், தங்கச்சி விரலைக் கதவிடுக்கில் வைத்து
மெதுவாகச் சாத்தினான்.
அவள் வீறிட்டபோது விரலைப் பார்க்கவில்லை,
வாயைப் பார்த்தான்.
விழுந்த பல் எத்தனை என்று எண்ணினானாம்.
எனக்குப் பொக்குனு போச்சு.

அடுத்தவர் வலி புரியுமா?
காய்ச்சல் கண்ட ராத்திரி
தண்ணிச் சொம்பைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான்.
கேட்காமலே.
காலையில் கேட்டேன்.
"நீ இருமுனா எனக்குத் தூக்கம் வரல."
இதற்கு எந்தக் கட்டம்?

பக்கத்து நாற்காலியில் அவன் அப்பா
தன் தாளை முடித்தேவிட்டார்.
எல்லா டிக்கும் நல்ல பக்கம்.
"ஆம்பளப் பையன், அழுதுட்டேவா இருப்பான்?
நானும் சின்னதுல இப்படித்தானுங்க மேடம்."
இரண்டு தாளையும் சேர்த்து வைத்தால்
எங்களுக்கு இரண்டு மகன்கள்.

மனசில் உள்ளதை வெளியே காட்டுவானா?
என் அய்யன் செத்த சேதி வந்தது
ஷிப்மெண்ட் நாளில்.
எட்டு மணிவரை மேசையை விட்டு நகரவில்லை.
ஒரு ஸ்டிக்கர்கூட இடம் மாறி ஒட்டவில்லை.
சூப்பர்வைசர் மெச்சினார்.
யாரும் எனக்குத் தாள் நீட்டவில்லை.

தரணீஷ் எட்டிப் பார்க்கிறான்.
"எனக்கு எவ்வளவு மார்க் போட்ட?"
"இன்னும் முடியல கண்ணு."
"தெரியலீனா அப்பாதப் பாத்து எழுதிக்க."

அது அக்கறையா,
வீட்டுக்குப் போகும் அவசரமா
என்று திரும்புவதற்குள்
பதினேழு, பதினேழு என்கிறார்கள்.

அக்கறை பற்றிய கேள்வி பின்பக்கம்.
நாலு கட்டமும் வெள்ளையாக இருக்க
தாளைக் கொடுத்தேன்.
மேடம் திருப்பிப் பார்க்கவில்லை.