கேட்டுக் கணக்கு

ஒரு கணக்குக்கு ஒன்றே முக்கால் நிமிடம்.
நீடாமங்கலத்தில் கேட்டு போட்டால்
சராசரி இருபத்திரண்டு நிமிடம்.
ஆகப் பன்னிரண்டு கணக்கு.
பதின்மூன்றாவதில் பாதி தாண்டும்போது
டிரைவர் பீடியை நசுக்கிவிட்டு ஏறுவார்.

மன்னார்குடியில் ஏழு இருபதுக்கு ஏறினால்
கும்பகோணம் பாத்திரக் கடையில் ஒன்பதுக்குக் கையெழுத்து.
தாமதத்துக்கு முதலாளியிடம் நான் சொல்வது ஒரு வார்த்தை: கேட்டு.
அவரும் ஒன்றுதான்: ம்.

புத்தகம் பழசு.
காரைக்குடிப் பையன் எவனோ
விடைகளைப் பென்சிலில் வட்டமிட்டு
பாதி அழித்து விற்றது.
எந்த ஊருக்குப் படிக்கப் போனான், போனானா,
அழித்த வட்டங்களில் தெரியவில்லை.
நாற்பத்தேழாம் பக்கத்தில் தப்பு செய்திருக்கிறான்.
அதே இடத்தில்தான் நானும்.

பரீட்சைக் கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளம்.
மீதி இல்லாமல் வகுபட்டது
இதுவரை அது ஒன்றுதான்.

ஒரு பையில் ஐந்து பந்துகள்,
எடுத்ததைத் திரும்பப் போடாமல்
ஒவ்வொன்றாக எடுத்தால், என்று ஒரு கணக்கு.
எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருந்தோம்.
முதலில் அப்பா.
பிறகு அக்கா, திருத்துறைப்பூண்டிக்கு.
பிறகு பூபேஷ், சிங்கப்பூரில் வெல்டிங்.
ஒவ்வொரு முறையும் பகுதியில் ஒன்று குறையும்,
அதை மறந்தால்தான் விடை தப்பும்.
அடுத்தது நானாக இருக்கப் பாதி வாய்ப்பு.
அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

சரக்கு ரயில் நகர்கிறது, நெல் மூட்டையோடு.
எஞ்சினைக் கழற்றி
அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டிய பிறகு.
நாற்பத்திரண்டு பெட்டி,
பெட்டிக்குப் பதினாலரை மீட்டர்,
எஞ்சினும் சேர்த்து அறுநூற்று முப்பது என்று வைத்தேன்.
கம்பத்தைக் கடக்க நூற்று இருபத்தாறு நொடி.
நொடிக்கு ஐந்து மீட்டர்.
பதினெட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால்
மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.
கை பழக்கத்தில் கடைசிப் பக்கத்தைப் புரட்டியது.
இந்த ரயிலுக்கு அங்கே விடை இல்லை.
"சைக்கிள் போற வேகம்மா"
எட்டிப் பார்த்த கண்டக்டர்தான் திருத்திக் கொடுத்தார்.

எனக்கு வராத வகை ஒன்று உண்டு.
இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் ஓர் அளவு.
இது பெரிது, அது பெரிது, இரண்டும் சமம்;
நாலாவது, கொடுத்ததை வைத்துச் சொல்ல முடியாது.
நாலாவதைக் குறிக்கக் கை வராது.
சோம்பேறி எழுதும் விடை மாதிரி இருக்கும்.
எக்ஸுக்கு இரண்டு போடுவேன், மூன்று போடுவேன்,
எப்படியும் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிவிட்டுத்தான் நிமிர்வேன்.
எக்ஸ் பூஜ்யமாக இருக்கலாம்,
கழித்தல் குறியோடும் வரலாம்,
நினைவு வருவது பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு.

மேட்டூர் திறந்து பத்து நாள்.
கடைமடைக்கு எப்போது தண்ணி எட்டும் என்று
பின் சீட்டில் இரண்டு பேருக்குச் சண்டை.
நாலு நாள் என்கிறார் வேட்டி.
வரவே வராது என்கிறார் துண்டு.
நாலாவது விடையை
அவர்களும் தொடவில்லை.

கேட்டு போட்டால்தான் அஞ்சம்மாளுக்கு வியாபாரம்.
ஜன்னலுக்குக் கீழே தலையில் கூடை,
வெள்ளரிப்பிஞ்சு கட்டு பதினாலு ரூபாய்.
இருபதை நீட்டினேன்.
அவள் முந்தி முடிச்சை அவிழ்ப்பதற்குள்
கம்பம் மேலே போய்விட்டது,
எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில்.
"ஆறு ரூவா நாளைக்குத் தாரேன் பாப்பா,
நாளைக்குக் கேட்டு போடாமயா இருக்கப்போறான்?"
நிகழ்தகவு ஒன்று என்று
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் தேதி எட்டு மணிக்குத்
திருச்சியில் உட்கார வேண்டும்.
அந்த ரூட்டில் இந்தக் கேட்டு கிடையாது.

பதின்மூன்றாவது, பாதியில் நின்றது, அந்த வராத வகை.
வலங்கைமான் ரோட்டில் பஸ் குலுங்கிக் குலுங்கி
நான் எழுதிய எண் ஏழா ஒன்றா
எனக்கே தெரியவில்லை.
இரண்டையும் போட்டுப் பார்த்தேன்.
ஒன்று என்றால் இடப்பக்கம் பெரிது.
ஏழு என்றால் வலப்பக்கம்.