வாழ்க்கைக் குறிப்பு கேட்டிருந்தீர்கள்

அய்யா,
அழைப்பிதழில் போட
அவரைப் பற்றி ஐந்து வரி கேட்டிருந்தீர்கள்.
அவருக்கு எழுத வராது. வந்தாலும் எழுதமாட்டார்.
நான் சம்பூர்ணம், வீட்டுக்காரி.

பெயர் முனிரத்தினம்.
ஊர் ஏகாம்பரகுப்பம், நகரியை ஒட்டி.
திருப்பதி ரேடியோவில் அரவ வித்வான் என்பார்கள்.
சென்னை மேடையில் ஆந்திரத்துக் கலைஞர்.
திருத்தணி பஸ்ஸில் குழலுக்கு லக்கேஜ் கேட்பதில்லை,
அதில் மட்டும் இரண்டு மாநிலமும் ஒன்று.

குரு யாரென்பீர்கள்.
பள்ளிப்பட்டில் ஒருவரிடம் ஏழு மாதம்,
பிறகு சம்பளம் கட்ட முடியவில்லை.
மிச்சத்தை மின்வாரியம் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் தெரு முழுக்கத் தறி.
காதருகே பேர் சொன்னாலும் கேட்காது.
கரண்ட் போனால்
எல்லாத் தறியும் ஒரே மூச்சில் செத்துப்போகும்.
தெருவே கூடி மின்வாரியத்தைத் திட்டும்;
இவர் பாவுக்குப் பின்னால் கைவிட்டுக்
குழலை எடுப்பார்.
இரண்டு மணி நேரக் கட் என்றால் கல்யாணி.
பத்து நிமிஷத்தில் வந்துவிட்டால்
ஆரோகணத்தோடு சரி,
அவரோகணம் மறுநாள்.

எண்பத்தேழில் நாடா துள்ளி
மேலுதட்டைக் கிழித்தது.
மூன்று தையல்.
அன்றிலிருந்து குழல் ஒரு விரற்கடை சாய்ந்தே நிற்கும்,
காற்று ஓரமாகத்தான் போகும்.
'தனக்கென ஒரு பாணி' என்று
பேப்பரில் எழுதினார்கள்.
பாணியில்லை அய்யா. தையல்.

ரேடியோ பரீட்சையில் இரண்டு தரம் தோல்வி.
மூன்றாவதில் பி கிரேடு.
அந்த மூன்று நாளும் கூலியில் பிடித்தார்கள்.

ஒரு தெலுங்கு சீரியலில்
கதாநாயகி கதவைத் திறக்கும்போது வரும் நாலு விநாடி
இவர் ஊதியது.
நான்கு வருஷம் அவள் கதவைத் திறந்தாள்.
ஒவ்வொரு தரமும் என் மகன்
டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பான்.
பணம் ஒரே தரம்தான் வந்தது.

இசைக்காகவே வாழ்ந்தவர் என்று போடாதீர்கள்.
லுங்கி நெய்து வாழ்ந்தார்.
எத்தனை துவைத்தாலும் கரை பிரியாது,
வேண்டுமானால் அதைப் போடுங்கள்.

ஐந்து வரி தாண்டிவிட்டது.
நீளமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்,
தையலை விட்டுவிட்டு.

பொன்னாடை வேண்டாம்.
பத்தொன்பது இருக்கிறது பீரோவில்.
நெசவுக்காரன் வீட்டுக்குத் துணியா?
கையில் ரொக்கமாகக் கொடுங்கள், மிருதங்கத்துக்குத் தனி.

எனக்கு முன்வரிசையில் இடது ஓரம் நாற்காலி வேண்டும்.
தறி தின்றது போக
வலது காதுதான் பாக்கி.

இன்னொன்று.
கச்சேரி நடுவே கரண்ட் போனால்
ஜெனரேட்டரை உடனே போட்டுவிடாதீர்கள்.
கொஞ்சம் பொறுங்கள்.