பதினைந்து முறை பாதி

பீடோர் பேருந்து நிலையத்தில்
நாலு நம்பர் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவே
மூன்றடிப் பலகை, என் கடை.
பேட்டரி ஆறு வெள்ளி. வார் தனி.

சம்பள ஞாயிறு.
செம்பனைக் கறை போகாத கையோடு
தில் பகதூர் கடிகாரத்தைக் கழற்றினான்.
கூடவே சட்டைப்பையிலிருந்து
இரண்டு கற்கள்.
பதினேழாம் பிளாக்கில் கால்வாய் தோண்டிய இயந்திரம்
புரட்டிப் போட்டதாம்.
"இந்தான்?" என்றான்,
நாலு நம்பர் வரிசைக்குக் கேட்காதபடி.

உடைந்த கடிகாரக் கண்ணாடியில் இழுத்தேன்.
கீறியது.
கத்தியை அதன்மேல் இழுத்தேன்.
கத்திதான் தேய்ந்து
கல்லில் சாம்பல் கோடாய் நின்றது.
அவன் கண் விரிந்தது.

வைரமில்லை.
மலையின் உள்சூடு ஆறாத காலத்தில்
கருங்கல் விரிசலில் ஏறிய கொதிநீர்
கரைத்துச் சுமந்து வந்ததை
ஆற ஆற இறக்கி வைத்துப் போனது.
ஈயமும் அதே விரிசலில் வந்ததுதான்.
ஈயத்துக்கு ரயில் வந்தது, ஊர் வந்தது.
இதை எட்டி உதைத்துவிட்டுப் போனார்கள்.
பால்வெள்ளையாய்த் தெரிவது
உள்ளே சிக்கிக்கொண்ட அந்தப் பழைய நீர்,
துளித்துளியாய்,
வெளியேற பெர்மிட் இல்லாமல்.

இவ்வளவும் என் மலாய்க்கு எட்டாது.
"பத்து பியாசா" என்றேன்.
சாதாரணக் கல்.

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்
கடிகாரத்தின் முதுகைத் திறந்து காட்டினேன்.
அரிசியளவு குழாய்.
அதற்குள் கவட்டைபோல் வெட்டிய இதே படிகம்
மின்சாரம் தொட்டால்
நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்து
எழுநூற்று அறுபத்தெட்டு முறை நடுங்கும்.
பாதியாக்கு. அதையும் பாதியாக்கு.
கால்குலேட்டரை அவனிடமே கொடுத்தேன்.
"ஏஜெண்டு" என்றான், முதல் பாதிக்கு.
"லெவி."
"கடைக் கடன்."
"தங்கச்சி கல்யாணம்."
எட்டாவதில் அவனிடம் காரணம் தீர்ந்துவிட்டது.
பதினைந்தாவதில் மிஞ்சியது ஒன்று.
ஒரு டிக்.
சிரித்தான்.

கடிகாரப் படிகத்தைத் தொழிற்சாலையில்
சில வாரத்தில் வளர்க்கிறார்கள் என்றோ,
நீர் சிக்கிய உன் கல்
அதற்கு ஆகாது என்றோ
நான் சொல்லவில்லை.

குடைத்துணியைத் தலைக்குமேல் இழுத்து
அவனையும் உள்ளே கூப்பிட்டேன்.
இருட்டில் கல்லோடு கல்லை
அழுத்தித் தேய்த்தேன்.
உள்ளிருந்து ஆரஞ்சாய் ஒரு வெளிச்சம்,
கூடவே தீய்ந்த வாடை.
இன்னொரு முறை என்றான். தேய்த்தேன்.
வெளியே யாரோ இருமினார்கள்.

ஒரு கல் சட்டைப்பைக்குத் திரும்பியது.
மற்றது என் பலகையில்
ரசீதுக் கட்டின்மேல் இருக்கிறது.
ஆறு வெள்ளியை முழுசாய் வாங்கிக்கொண்டேன்.