ஆணியடிக்காத பலகைகள்

சாமான் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு.
எந்த வீட்டையும்
எது உள்ளே போகாது என்பதை வைத்துத்தான்
எனக்குத் தெரியும்.

டெவன் பக்கம், ஓடையிலிருந்து மேலேறும் ஒற்றைச் சந்து.
லாரி நுழையவில்லை.
தேவாலயத்தருகே நிறுத்திவிட்டு
மெத்தையைத் தலையில் சுமந்து வந்தோம்,
நானும் ஜெத்ரோவும், மழையில்.

கோதுமைத் தாள் வேய்ந்த கூரை. மழைக்குழாய் கிடையாது.
சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிச் சொட்டிச் சொட்டி
சரளைக்கல்லில் நீர் ஒரு கோடு கிழித்திருந்தது.
கோட்டுக்கு உள்ளே நின்றோம்.
வாசல் எங்களை அளவெடுத்தது.

களிமண்ணில் வைக்கோல் போட்டு மிதித்த சுவர்.
ஜன்னல் குழிக்குள் என் கை முழுதும் போனது.
மூலை என்று ஒன்று எங்கும் இல்லை,
சுவர் திரும்புமிடத்தில் சாய்ந்தால்
தோள் பொருந்துகிறது.
உத்தரத்தில் இரண்டு முறை இடித்துக்கொண்டேன்.
ஜெத்ரோ குள்ளன். சிரித்தான்.

கணப்பின் முதுகை ஒட்டி
நத்தை ஓடாய்ச் சுருண்டு ஏறுகிறது படிக்கட்டு.
மெத்தை மடிந்தது. கட்டில் சட்டம் மடியுமா?
நிமிர்த்தினோம், சாய்த்தோம், கால்களைக் கழற்றினோம்,
ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன்.
மிஸ் ஹனஃபோர்ட், வயது அறுபத்திரண்டு,
முதன்முதலாய் இரட்டைக் கட்டில் வாங்கியவள்,
தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மேலே அந்தப் பலகைகளைத் தூக்குங்கள்" என்றாள்.

இரண்டு விட்டங்களுக்கு நடுவே
ஆணியடிக்காத நான்கு பலகைகள்.
ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம்.
யாருக்கென்று கேட்கவில்லை.
இந்தப் படியில் சவப்பெட்டி திரும்பாது என்று
கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது,
கட்டும்போதே.

விட்டத்தின் விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளங்கள்.
பள்ளம் மாற்ற நேரமில்லை.
அதிலேயே கயிற்றைப் போட்டு
"மேலே! இன்னும் மேலே!" என்று கத்தினான் ஜெத்ரோ.
இறக்குவதற்கென்றே விட்ட வழியில்
கட்டில் ஒருக்களித்து ஏறியது,
எங்கும் உரசாமல்.

பலகைகளை மூடி, அதன்மேலேயே கட்டிலைப் போட்டோம்.
சரிகிற கூரைக்கடியில்
ஆள் நிமிர்ந்து நிற்க அங்கே மட்டும்தான் இடம்.

கையெழுத்து வாங்கும்போது சொன்னேன்:
ஒரு பலகை ஆடுகிறது, நாலு ஆணி அடித்துவிடட்டுமா?

வேண்டாம் என்றாள்.
"வெள்ளிக்கிழமை அவர் வருகிறார்.
கூடவே அவருடைய அலமாரியும்.
பெரியதாம்."